நிறுவன வழங்கிகளில் காப்புப்படியும் மீட்பு வேகமும்: 2017 கிட்லேப் நிகழ்வை முன்வைத்து

முன்னுரை

நிறுவன வழங்கிகளின் தரவைப் பேரிடரிலிருந்து காக்கும் ஏற்பாடு இரண்டு அளவைகளால் மதிப்பிடப்படுகிறது. எவ்வளவு நேரத் தரவை இழக்கலாம் என்பது மீட்புப் புள்ளி இலக்கு; எவ்வளவு நேரத்தில் பணி மீண்டும் தொடங்க வேண்டும் என்பது மீட்பு நேர இலக்கு. காப்புப்படி எடுக்கும் வேகம் நாள்தோறும் கண்ணில் படுகிறது. அதனைத் திரும்பப் பெறும் வேகமோ, சோதித்துப் பாராத இடங்களில், விபத்தின்போதே தெரியவருகிறது. இவ்வேறுபாட்டை, கிட்லேப் நிறுவனத்தில் 2017 சனவரி 31 அன்று நேர்ந்த தரவிழப்பின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

கிட்லேப் நிகழ்வு

மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட்லேப் தளத்தின் தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் மென்பொருளில் இயங்கியது. முதன்மை வழங்கியின் மாற்றங்களை உடனுக்குடன் பெறும் துணை வழங்கி அன்று பின்தங்கியது. அதனைச் சீர்செய்ய முயன்ற பொறியாளர், துணை வழங்கியில் அழிக்க வேண்டிய கோப்புறையை முதன்மை வழங்கியில் அழித்துவிட்டார். ஓரிரு நொடிகளில் நிறுத்தியும் ஏறத்தாழ 300 ஜிகாபைட் தரவு போயிருந்தது.

அமேசான் சேமிப்பகத்தில் இருக்க வேண்டிய அன்றாடக் காப்புப்படி அங்கே இல்லை. தரவுத்தளம் 9.6 பதிப்பில் இயங்க, படியெடுக்கும் கருவி 9.2 பதிப்பாக இருந்தமையால் அப்பணி பிழையுடன் நின்றுபோயிருந்தது. பிழையை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் சரிபார்ப்பில் தேறாமல் நிராகரிக்கப்பட்டன. எஞ்சியது, சோதனைத் தளத்தில் பயன்படுத்துவதற்காக விபத்துக்கு ஏறத்தாழ 6 மணி நேரம் முன்பு எடுக்கப்பட்ட வட்டுப் படிமம் ஒன்றே. அது கிடைத்ததும் நற்பேறுதான்.

அத்தரவை நகலெடுக்க ஏறத்தாழ 18 மணி நேரம் ஆயிற்று. வலையமைப்போ செயலியோ தடையாக இல்லை. சோதனைத் தளத்தின் மலிவான வட்டுகள் நொடிக்கு ஏறத்தாழ 60 மெகாபிட் அளவுக்கு மட்டுப்படுத்தப்பட்டிருந்தமையே காரணம்.

வேகத்தைத் தீர்மானிப்பவை

10 டெராபைட் தரவை நொடிக்கு 1 ஜிகாபிட் இணைப்பில் கொண்டுவர, வேறு தடை இல்லாவிடினும் 22 மணி நேரத்திற்கு மேலாகும். 10 ஜிகாபிட் இணைப்பில் அது ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரமாகக் குறையும். எனினும் படிக்கும் வட்டு, இடைப்பட்ட பாதை, எழுதும் வட்டு ஆகியவற்றுள் மிக மெதுவானதே முழு வேகத்தையும் தீர்மானிக்கும் என்பதால், இணைப்பை மட்டும் மாற்றுவது பல வேளைகளில் வீண்செலவாகும்.

காப்புப்படி எடுப்பதை விரைவாக்கும் உத்திகள் சில மீட்பைத் தாமதப்படுத்துவதும் உண்டு. மாறிய பகுதிகளை மட்டும் படியெடுக்கும் முறை இரவுப் பணியைச் சுருக்குகிறது. மீட்கும்போதோ, ஞாயிறன்று எடுத்த முழுப்படியின்மேல் பின்வந்த ஒவ்வொரு படியையும் வரிசையாகச் சேர்க்க வேண்டும். நடுவில் ஒன்று பழுதுற்றால் அதற்குப் பிந்தியவை பயன்படா. இக்குறையைத் தவிர்க்க, சேமிப்பகத்திலேயே பழைய முழுப்படியுடன் மாற்றங்களை இணைத்துப் புதிய முழுப்படியை உருவாக்கிவைப்பர்.

மெய்நிகர் வழங்கிகளில் நகலெடுத்து முடியும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. காப்புப்படி உள்ள சேமிப்பகத்திலிருந்தே வழங்கியை இயக்கிவிட்டு, தரவைப் பின்னணியில் இடம்மாற்றலாம். ஆனால் காப்பகத்திற்கு மெதுவான வட்டுகள் போதும் என்னும் எண்ணம் இம்முறைக்குப் பொருந்தாது.

நிகழ்வுக்குப் பின் கிட்லேப் அறிவித்த மேம்பாடுகளுள், காப்புப்படிகளைத் தானியங்கியாக மீட்டுச் சோதிப்பதும் ஒன்று. அத்தகைய சோதனையில், தரவு முழுமையாக உள்ளதா என்பதுடன் மீட்க ஆன நேரத்தையும் பதிவுசெய்தால், இலக்காக எழுதிய நேரத்தை அளந்த நேரத்தோடு ஒப்பிட முடியும்.