எல்லையில் உடையும் பச்சை அலை

ஏறத்தாழ ஒரே அதிர்வெண் உடைய இரண்டு இசைக்கவைகளைத் தட்டி அருகருகே பிடித்தால் ஒலி ஏறி இறங்குவதை ஆய்வகத்தில் கேட்டிருப்பீர்கள். விம்மல் என்று அதற்குப் பெயர். அடுத்தடுத்த இரண்டு ஊர்களின் சாலை விளக்குகளும் இப்படி விம்முவது உண்டு. அங்கே காதுக்கு எதுவும் கேட்காது. வண்டிகள்தாம் தேங்கி நிற்கும்.

ஒரு நேரான சாலையில் 500 மீட்டர் இடைவெளியில் இரண்டு நாற்சந்திகள் இருப்பதாகக் கொள்வோம். வண்டிகள் மணிக்கு 45 கி.மீ., அதாவது விநாடிக்கு 12.5 மீட்டர் வேகத்தில் வருகின்றன. முதல் சந்தியை விட்ட கூட்டம் அடுத்த சந்தியை அடைய 40 விநாடி ஆகும். ஆகவே முதல் விளக்கு பச்சையாகி 40 விநாடி கழித்து இரண்டாவது விளக்கும் பச்சையாக வேண்டும். வரிசையாக எல்லா விளக்குகளையும் இப்படி அமைத்துவிட்டால் பச்சை ஒளி ஓர் அலைபோல முன்னே செல்லும். வண்டிகளும் நிற்காமல் அதனுடன் செல்லலாம். இதைப் ‘பச்சை அலை’ என்பார்கள். (எதிர்த்திசையில் வருபவருக்கும் இதே வசதியைச் செய்து தர முடியுமா? தாளில் கோடு வரைந்து முயன்று பாருங்கள். அவ்வளவு எளிதன்று.)

ஆனால் விளக்குகளின் சுற்றுக் காலம் ஒன்றாக இருந்தால்தான் இது நடக்கும். ஒரு நகராட்சி 90 விநாடிக்கு ஒரு சுற்று என்றும், பக்கத்து நகராட்சி 100 விநாடிக்கு ஒரு சுற்று என்றும் வைத்திருந்தால் என்ன ஆகும்? இசைவு சுற்றுக்குச் சுற்று 10 விநாடி நழுவும். மறுபடி பழைய நிலை வர 900 விநாடி, அதாவது 15 நிமிடம் ஆகும். 1/90-இலிருந்து 1/100-ஐக் கழித்துப் பாருங்கள், 1/900 வருகிறது. இசைக்கவைக்குப் பயன்பட்ட அதே சூத்திரந்தான்!

கடிகாரமும் ஒன்றாக இருக்க வேண்டும். சுற்றுக் காலம் சமமாகவே இருந்தாலும், ஓர் ஊரின் கடிகாரம் நாளைக்கு ஒரு விநாடி பிந்தினால், 40 நாளில் நாம் கணக்கிட்ட 40 விநாடி அளவுக்கே பிசகு சேர்ந்துவிடும்.

இந்தச் சிக்கலைப் பெரிய அளவில் காண அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்துக்குச் செல்வோம். அந்த ஒரே மாவட்டத்தில் 88 நகரங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி நகர மன்றம். அங்குள்ள வில்ஷயர் சாலையின் நீளம் சுமார் 25 கி.மீ. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தொடங்கி, பெவர்லி ஹில்ஸ் நகரைக் கடந்து, மீண்டும் லாஸ் ஏஞ்சல்ஸ் வழியாகச் சாண்டா மோனிகா நகரில் கடற்கரையருகே முடிகிறது. சாலை ஒன்று, விளக்குகளுக்கு உரிமையாளர் பலர்.

ஒரு நகரம் தனக்கென்று ஒரு சுற்றுக் காலம் வைத்துக்கொள்வதை வெறும் பிடிவாதம் என்று எண்ணிவிடாதீர்கள். விளக்கு மாறும் ஒவ்வொரு முறையும் சில விநாடிகள் எவருக்கும் பயன்படாமல் போகின்றன. எனவே நெரிசல் மிகுந்த பெரிய சந்திக்கு நீண்ட சுற்று நல்லது. கடைத்தெருவில் சாலையைக் கடக்கக் காத்து நிற்கும் முதியவருக்கோ குறுகிய சுற்றே நல்லது. பக்கத்து ஊருக்காக அதை நீட்டினால் அவர் வெயிலில் கூடுதல் நேரம் நிற்க வேண்டும். பொறியாளர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பெரிய சந்தி 120 விநாடியில் சுற்றினால் சின்னச் சந்தி 60 விநாடியில் சுற்றட்டும், இசைவு கெடாது. லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட நிர்வாகம் அங்குள்ள நகரங்களோடு பேசி, எல்லை கடக்கும் பல சாலைகளின் விளக்குகளைப் பொதுவான நேரக் கணக்கில் இணைத்திருக்கிறது.

2000 ஜூனில் வில்ஷயர் சாலையில் ஒரு விரைவு பஸ் விடப்பட்டது. வழித்தட எண் 720. பஸ்ஸில் ஒரு சிறு அலைபரப்பி; சாலைக்கு அடியில் கம்பிச் சுருள். பஸ் மேலே வரும்போது சுருள் அதை அடையாளம் கண்டு செய்தி அனுப்பும். தேவையானால் பச்சை விளக்கு சற்று நீளும். சுற்றுக் காலத்தில் பத்தில் ஒரு பங்குதான், 90 விநாடிச் சுற்றில் வெறும் 9 விநாடி. பஸ்ஸின் வேகம் முன்பைவிடக் கால் பங்குக்கு மேல் கூடியது. நிறுத்தங்களைக் குறைத்ததும் பிற மாற்றங்களும் இதற்குப் பெரிய காரணம். விளக்குகளின் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்று.

ஆனால் தொடக்கத்தில் இந்த வசதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகர எல்லைக்குள் மட்டுமே இருந்தது. எல்லையைத் தாண்டினால் அதே பஸ், அதே பயணிகள், அதே அலைபரப்பி. கேட்பதற்குத்தான் சாலையில் சுருள் இல்லை. வேலைக்குப் போகிறவர் உள்ளே மிச்சம் பிடித்த விநாடிகளை வெளியே சிவப்பு விளக்கில் கொடுக்க வேண்டியிருந்தது.

நீங்களும் ஒரு நாள் கைக்கடிகாரத்துடன் நடைபாதையில் நின்று, அடுத்தடுத்த இரண்டு சந்திகளின் சுற்றுக் காலத்தை அளந்து பாருங்கள். ஒன்று 75, மற்றொன்று 90 விநாடி என்று வந்தால், அவை எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை இசையும்?