யாருக்கான சைக்கிள் பாதை?

சிங்கப்பூரில் சைக்கிளோட்டி என்றதும் யார் நம் நினைவுக்கு வருகிறார்? ஞாயிறு காலையில் தலைக்கவசம் அணிந்து ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் விரைபவர்தான். விடியுமுன் தொழிற்பேட்டைக்குச் செல்லும் ஊழியரும், மீன் வாங்கச் சந்தைக்குப் போகும் பாட்டியும், உணவுப் பையைச் சுமந்து செல்பவரும் அவ்வளவு எளிதில் வருவதில்லை. முன்னவருக்குச் சைக்கிள் பொழுதுபோக்கு. இவர்களுக்கோ அதுவே வாகனம். கார் வாங்க முதலில் வாகன உரிமைச் சான்றிதழ் பெற வேண்டிய நாடல்லவா இது!

இங்குப் பாதைகள் உருவான விதத்தைப் பார்த்தால் இந்த வேறுபாடு விளங்கும். 1990களின் தொடக்கத்தில் பூங்கா இணைப்புப் பாதைகள் அமைக்கப்பட்டன. நிலம் அரிதான தீவில் கால்வாய் ஓரங்களில் ஒதுக்கியிருந்த இடம் இதற்குக் கைகொடுத்தது. நல்ல யோசனைதான். ஆனால், கால்வாய் போகும் வழியிலெல்லாம் வேலையிடம் இருப்பதில்லை. உலாவப் போகிறவருக்குச் சுற்றுவழி இன்பம். எட்டு மணிக்கு வேலையில் நிற்க வேண்டியவருக்கு அது தாமதம்.

ஆகவே அவர் நடைபாதையில் ஏறினார். நெடுங்காலம் அது குற்றமாகவே இருந்தது. 2007இல் தெம்பனிசில் சோதனை நடந்தது. 2010இல் அந்த நகரில் அனுமதி கிடைத்தது. தீவு முழுவதற்குமான சட்டம் 2018 மே 1 அன்றுதான் நடப்புக்கு வந்தது. அடுத்த ஆண்டே நடைபாதை வேக வரம்பு மணிக்கு 15 கிலோமீட்டரிலிருந்து 10 ஆகக் குறைந்தது. அது மெதுவாக ஓடுபவரின் வேகம். நடந்து செல்லும் முதியோரை நினைத்தால் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

2019 செப்டம்பரில் பிடோக்கில் சைக்கிளில் சென்ற மாது ஒருவர் மின்ஸ்கூட்டருடன் மோதி உயிரிழந்தார். நவம்பர் 5 முதல் மின்ஸ்கூட்டர்கள் நடைபாதையில் செல்லத் தடை வந்தது. அவற்றை நம்பி உணவு விநியோகம் செய்து வந்தவர்களின் பிழைப்பு ஒரே நாளில் ஆட்டங்கண்டது. வேறு வண்டிக்கு மாற 70 இலட்சம் வெள்ளி மானியத் திட்டம் அறிவிக்கப்பட்டது. பலர் சைக்கிளுக்கும் மின்சைக்கிளுக்கும் மாறினர். மின்சைக்கிளுக்கும் நடைபாதையில் இடமில்லை. சைக்கிள் பாதை இல்லாத இடத்தில் லாரிகளோடு லாரியாகச் சாலையில்தான் போக வேண்டும்.

2020இல் சுமார் 460 கிலோமீட்டராக இருந்த பாதைகளை 2030க்குள் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டராக நீட்டிப்பது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இலக்கு. நீளம் மகிழ்ச்சி தருகிறது. அதில் எத்தனை கிலோமீட்டர் ஊழியர் தங்குவிடுதியிலிருந்து தொழிற்பேட்டைக்கு நேராகப் போகும் என்பதையும் நாம் கேட்டுப் பார்க்கலாம்.