பனியாறு திருப்பித் தந்த விமானம்

1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள். இந்திய விமானப்படையின் ஏ.என்.-12 ரகப் போக்குவரத்து விமானம் ஒன்று 102 பேருடன் சண்டிகரிலிருந்து லே நகருக்குப் புறப்பட்டது. வானிலை மோசமானதால் திரும்பியது. ரோதங் கணவாய்ப் பக்கம் வந்தபோது தொடர்பு அறுந்தது. 2003-இல்தான், லாஹூல் பகுதியில் மலையேறச் சென்ற குழுவினர் பனியாறு ஒன்றில் அதன் சிதைவுகளையும் ஒரு வீரரின் உடலையும் கண்டனர்.

முப்பத்தைந்து ஆண்டுகள் அவை எங்கே இருந்தன?

மலை உச்சிப் பகுதிகளில் பெய்யும் பனி கோடையிலும் முழுவதும் உருகுவதில்லை. ஆண்டுதோறும் அடுக்கடுக்காகச் சேர்கிறது. மேலடுக்குகளின் எடையால் அடியிலுள்ள பனி நசுங்கிக் கெட்டியான பனிக்கட்டியாகிறது. அங்கே விழுந்த பொருள் ஆழத்தில் புதைந்துவிடும்.

ஆனால் அந்தப் பனிக்கட்டி ஒரே இடத்தில் நிற்பதில்லை. தன் எடையாலேயே, கண்ணுக்குத் தெரியாத மெதுவான வேகத்தில், சரிவில் இறங்குகிறது. தன்னுள் புதைந்தவற்றையும் சுமந்து செல்கிறது. கீழே வெப்பம் மிகுந்த பகுதியில், பெய்யும் பனியைவிட உருகும் பனியே அதிகம். மேற்பரப்பு கரையக் கரைய, உள்ளே இருந்தவை வெளியே தலைகாட்டுகின்றன.

ஆற்று நீர் நடுவில் வேகமாகவும் கரையோரத்தில் மெதுவாகவும் ஓடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பனியாறும் அப்படித்தான். ஆகவே ஒரே விமானத்தின் துண்டுகள் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு ஆண்டுகளில் வெளிப்படலாம். 1946-இல் ஸ்விட்சர்லாந்தின் கௌலி பனியாற்றில் விழுந்த அமெரிக்க டகோட்டா விமானத்தில் இருந்த 12 பேரும் பிழைத்தனர். விமானம் பனியில் மூழ்கியது. அதன் சுழல்விசிறி 2012-இல், விழுந்த இடத்துக்கு வெகு கீழே கிடைத்தது.

லாஹூல் பனியாற்றில் 2024-ஆம் ஆண்டு மேலும் நான்கு உடல்கள் கிடைத்தன. கடுங்குளிர் அவற்றை முற்றிலும் அழியவிடவில்லை. உடைகளில் இருந்த காகிதங்கள் சிலரை அடையாளம் காட்டின. 56 ஆண்டுகளுக்குப் பின் அவர்களுடைய குடும்பத்தார் இறுதிச் சடங்கு செய்ய முடிந்தது.

நீங்களும் ஒருநாள் இமயமலையில் நடந்து செல்லலாம். காலடியில் நசுங்கிய அலுமினியத் தகடு ஒன்று தென்பட்டால், நினைவுப் பொருளாக எடுத்து வந்துவிடாதீர்கள். இடத்தையும், மறவாமல் தேதியையும் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள காவல் நிலையத்திலோ இராணுவ முகாமிலோ சொல்லுங்கள். தேதி எதற்கு என்கிறீர்களா? பனியாறு நகர்ந்துகொண்டே இருக்கிறது. இன்று நீங்கள் கண்ட தகடு அடுத்த ஆண்டு அதே இடத்தில் இருக்காது. மற்றவர்களை எங்கே தேடுவது என்பதற்கு அதுவே வழிகாட்டியாகலாம்.