சொத்தும் சொந்தமும் – 9: மனுவில் விடுபட்ட பிள்ளை

சென்ற வாரம் உயில் எழுதிவைத்தவர்களைப் பார்த்தோம். இந்த வாரம் எழுதாமல் போனவர்களின் வீட்டுக்குப் போவோம். சிகாமட்டையே எடுத்துக்கொள்ளலாம். பத்து அன்னாம், ஜெமந்தா, லாபிஸ் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிச் சேர்த்த காசில் ஒரு துண்டு நிலமோ தாமான் வீடோ வாங்கிய பெரியவர் கண்ணை மூடுகிறார். கிராண்டில் அவர் பெயர் மட்டும்தான். கருமாதி முடிந்த கையோடு மூத்த மகன் நில அலுவலகத்துக்குப் போய் பாரம் ‘ஏ’ நிரப்புகிறார். வாரிசுகள் யார் யார் என்று எழுத அதில் இடம் உண்டு. எழுதுகிறவரும் அந்த வாரிசுகளில் ஒருவர். தகராறு கருக்கொள்ளும் இடம் அதுதான்.

நிலமோ வீடோ உள்ள சொத்து, மொத்தத்தில் 50 லட்சம் வெள்ளியைத் தாண்டாவிட்டால், 1955-ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பகிர்வுச் சட்டப்படி நில நிர்வாகியே விசாரித்து முடித்துவிடலாம். 20 லட்சமாக இருந்த வரம்பு 2024 ஜூலை 15 முதல் உயர்ந்தது. அதற்கும் மேலே போனால் உயர்நீதிமன்றம். சிகாமட்காரர்கள் அதற்கு மூவார் வரை போகவேண்டும்.

பங்குக் கணக்கில் குழப்பமில்லை. முஸ்லிம் அல்லாதவருக்கு 1958-ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டம். பெற்றோர், மனைவி, பிள்ளைகள் மூவரும் இருந்தால் பெற்றோருக்குக் கால், மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. பெற்றோர் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. ‘பிள்ளை’ யார் என்பதில்தான் குடும்பம் உடைகிறது. சட்டம் முறைப்படி பிறந்த பிள்ளையைத்தான் சொல்கிறது.

தோட்டக் காலத்துக் குடும்பங்கள் சட்டப் புத்தகத்தைப் பார்த்து அமைந்தவை அல்ல. ஊரில் ஒரு மனைவி, இங்கே ஒரு மனைவி. கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு என்ற பேச்சே கிடையாது. 1982 மார்ச் 1-க்கு முன் வழக்கப்படி நடந்த திருமணம் என்றால், இரண்டு மனைவிகளும் ஒரு மனைவியின் பங்கைப் பிரித்துக்கொள்வார்கள். இரு பக்கத்துப் பிள்ளைகளும் சமம். அந்தத் தேதியில் நடப்புக்கு வந்த திருமண மணவிலக்குச் சட்டம் பலதார மணத்தை மூடிவிட்டது. அதன்பின் முதல் மனைவி உயிரோடு இருக்கக் கட்டிய தாலி செல்லாது. அப்போதும், அந்தத் திருமணம் செல்லும் என்று தாயோ தந்தையோ நியாயமாக நம்பியிருந்தால் பிள்ளையை முறையானவராகக் கொள்ள 75-ஆம் பிரிவு ஒரு வாசலைத் திறந்துவைத்திருக்கிறது. அந்த நம்பிக்கையை நிரூபிக்கச் சாட்சியும் காகிதமும் தேடவேண்டும். 2006 கடைசியில் வந்த வெள்ளமும் 2023 மார்ச் வெள்ளமும் பார்த்த சிகாமட்டில் பழைய டிரங்குப் பெட்டிகள் எத்தனை மிஞ்சியிருக்கும்!

வளர்ப்புப் பிள்ளைகள் கதை இன்னும் கொடுமை. பதிவு இலாகாவில் தத்துப் பதிந்து சான்றிதழும் வாங்கியாகிவிட்டது, இனி என்ன என்று இருந்துவிடுகிறார்கள். அந்தப் பதிவு வாரிசுரிமை தராது. நீதிமன்ற ஆணை வழியாக எடுத்த தத்துக்குத்தான் உரிமை. இரண்டு சட்டங்களும் 1952-இல் வந்தவை, பெயரும் ஏறக்குறைய ஒன்றே. முப்பது வருடம் அப்பா என்று கூப்பிட்டவர், அப்பா செத்தபிறகுதான் வித்தியாசத்தைத் தெரிந்துகொள்கிறார்.

‘டி.என்.ஏ. எடுத்தால் தெரிந்துவிடாதா?’ என்பார்கள். அவ்வளவு சுலபமில்லை. செல்லுபடியாகும் திருமணத்தின்போதோ, அது முறிந்து தாய் மறுமணம் செய்யாத நிலையில் 280 நாளுக்குள்ளோ பிறந்த பிள்ளை கணவனுடையதே. இருவரும் சேர வாய்ப்பே இல்லை என்று காட்டினால் ஒழிய அது முடிந்த முடிவு. மலேசியச் சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவான இது, 1872-இல் இந்தியாவுக்காக எழுதிய விதியின் நகல். மரபணு என்ற சொல்லே பிறக்காத காலம் அது. பிள்ளையின் தலையில் களங்கம் விழக்கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது. அந்த அக்கறையை நான் குறைசொல்லமாட்டேன். 1993-இல் கௌதம் குண்டு வழக்கில் இந்திய உச்சநீதிமன்றமும் ரத்தப் பரிசோதனையை வழக்கமான காரியமாக்கக் கூடாது என்றது.

ஜெயலலிதா விவகாரம் நினைவிருக்கும். 2016 டிசம்பர் 5-இல் உயிலில்லாமல் இறந்தார். நான்தான் மகள் என்று பெங்களூருப் பெண் ஒருவர் டி.என்.ஏ. பரிசோதனை கேட்டு நீதிமன்றம் போனார். 1980 ஆகஸ்டில் பிறந்ததாக அவர் சொல்ல, அதற்கு முந்தைய மாதம் ஜெயலலிதா கலந்துகொண்ட விருது விழாவின் காணொளியைத் தமிழக அரசு காட்டியது. 2018 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. அடுத்து யார் நிர்வாகி என்ற கேள்வி. கட்சிக்காரர்கள் இருவர் நிர்வாகி நியமிக்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். 2020 மே 27-இல் நீதிபதிகள் கிருபாகரன், அப்துல் குத்தூஸ் அமர்வு, அண்ணன் பிள்ளைகளான தீபா, தீபக் பக்கம் நிர்வாக உரிமையைக் கொடுத்தது. மூன்றரை வருடம்! போயஸ் தோட்டத்துக்கே இந்தக் கதி என்றால் பத்து அன்னாம் வீட்டுக்குச் சொல்லவேண்டுமா?

நம் ஆட்கள் ‘எல்.ஏ.’ என்று சுருக்கிச் சொல்லும் நிர்வாகப் பத்திரம் கைக்கு வந்ததும் மூத்தவர்களுக்கு ஒரு மிதப்பு வந்துவிடுகிறது. கிராண்டில் பெயர் ஏறுகிறதே! கூடவே ‘பிரதிநிதியாக’ என்றும் பதிகிறார்கள். அதை யாரும் படிப்பதில்லை. ஈமச்செலவையும் கடனையும் தீர்த்து, கணக்கு வைத்து, பங்கைப் பிரித்துக் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்தது. நீதிமன்றம் தந்த எல்.ஏ. என்றால், அதன் அனுமதியில்லாமல் நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. மீறினால் வாரிசு ஒருவர் கேட்டு ரத்துசெய்ய வழியுண்டு. பங்காளிகளில் வயதுக்கு வராத பிள்ளை இருந்தால் ஒற்றை ஆள் போதாது, குறைந்தது இருவர் வேண்டும்.

தனக்குப் பிடிக்காத தம்பி அப்பாவின் பிள்ளையா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் நிர்வாகிக்கு ஒருபோதும் இல்லை. சந்தேகம் இருந்தால் பெயரைப் பட்டியலில் எழுதி, ஆட்சேபத்தையும் எழுதி, விசாரிப்பவரிடம் விட்டுவிடவேண்டும். பெயரை மறைத்து வாங்கிய பத்திரத்தைத் திரும்பப் பறிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

விடுபட்டவர் சும்மா இருக்கவும் கூடாது. கிராண்டில் தனியார் கேவியட் போட்டால் ஆறு வருடம் வரை நிலம் கைமாறாமல் தடுக்கலாம். ஆதாரமில்லாமல் போட்டால் நஷ்டஈடு கட்டவேண்டி வரும் என்பதால், முதலில் பிறப்புப் பத்திரத்தின் நகலையும் பெற்றோரின் திருமண ஆதாரத்தையும் கையில் வைத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் போவது நல்லது. விசாரணை நாள் தெரிந்தால், அழைப்பு வராவிட்டாலும் நேரில் போய் ஆட்சேபத்தைப் பதியச் சொல்லுங்கள்.

இ.பி.எஃப். பணத்துக்கு அப்பா யார் பெயரைக் கொடுத்திருந்தார் என்பது வேறு கதை. அது அடுத்த வாரம்.

(தொடரும்)