ஸ்கீ விளிம்பைத் தீட்டுவது மெசினாலா, கையாலா?



எங்கள் சுவிஸ் பள்ளிக்கூடத்தின் ஸ்கீ முகாமில் ஒருநாள் காலை, இறுகிய பனிச்சரிவில் திரும்பப் பார்த்தேன். ஸ்கீ பிடிக்கவில்லை. பக்கவாட்டில் வழுக்கிப் போய், கீழே நின்ற ஒரு சின்னப் பெடியனை விழுத்திப்போட்டன். நல்லகாலம், அவனுக்குக் காயம் இல்லை. எனக்குத்தான் ஓடத் தெரியாது எண்டு நினைச்சன். பயிற்றுநர் என் ஸ்கீயின் விளிம்பில் நகத்தை உரசிப் பார்த்துவிட்டு, "இது மொட்டை" என்றார். அது மாமாவின் மகன் பாவித்த பழைய ஸ்கீ. நான் ஒருநாளும் அதைத் தீட்டவில்லை.

ஸ்கீயின் அடிப்பக்கத்தில் இரண்டு ஓரமும் உருக்குப் பட்டி இருக்கும். அகலம் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர்தான். புதுப்பனியில் அது மொட்டையாக இருந்தாலும் சமாளிக்கலாம். ஐஸ் போல இறுகிய பனியில் அந்த விளிம்பு வெட்டிப் பிடித்தால்தான் திரும்பலாம், நிற்கலாம்.

மெசின்: கடையிலுள்ள பெரிய மெசின் தண்ணீரால் குளிர்த்திக்கொண்டே தீட்டும். முழு நீளத்துக்கும் ஒரே கோணம் வரும். வீட்டில் பாவிக்கச் சின்ன மின்மெசினும் உண்டு. வேலை கெதியாக முடியும். ஆனால் ஒரே இடத்தில் நிறுத்தினால் உருக்குச் சூடேறிப் பதம் கெடும். தேவைக்கு மேல் தேய்ந்தும் போகும். தேய்ந்த உருக்கு நகம்போலத் திரும்பி வளராது!

கை: நேரம் எடுக்கும், ஆனால் கொஞ்சமாகத்தான் தேயும். நான் செய்யும் முறை இதுதான்:

1. கையுறை போடுங்கள். பிரேக்கை றப்பர் பட்டியால் கட்டி, ஸ்கீயைத் துடைத்து, பக்கவாட்டில் அசையாமல் இறுக்குங்கள்.

2. முதலில் ஈரமான வைரக்கல்லால் தேயுங்கள். கல்லில் அடிபட்ட இடத்தில் உருக்கு இன்னும் கடினமாகிவிடும். அங்கே அரம் கடிக்காமல் வழுக்கும்.

3. விளிம்பில் மார்க்கர் பேனையால் நிறம் பூசுங்கள். கோணம் பிடிக்கும் கருவியில் அரத்தைப் பூட்டி, மெதுவாக இரண்டு தரம் இழுங்கள். நிறம் முழு அகலத்திலும் போனால் கோணம் சரி. பக்க விளிம்புக்கு 88 பாகை பலருக்குப் பொருந்தும்.

4. முனையிலிருந்து வால் வரை நீளமாக, அழுத்தாமல் இழுங்கள். இரும்புத் தூளை அடிக்கடி தட்டிவிடுங்கள்.

5. கடைசியில் நுண்ணிய வைரக்கல்லால் பிசிறை எடுத்து, ஈரம் இல்லாமல் துடையுங்கள். ஈரம் நின்றால் கறள் பிடிக்கும்.

அடிப்பக்க விளிம்பை வீட்டில் தொடவேண்டாம். அதில் கூடத் தேய்த்துவிட்டால், திருத்துவதற்கு முழு அடியையும் கடையில் அராவவேண்டி வரும்.

அப்ப எது நல்லது? விளிம்பு பெரிதாகச் சேதப்பட்டால் கடை மெசின். மற்றபடி, இரண்டு மூன்று நாள் ஓடியபின் கையால் கொஞ்சம் தீட்டினால் போதும்.

அடுத்த முகாமுக்கு முதல் உங்கட ஸ்கீயிலும் நகத்தை ஒருக்கா உரசிப் பாருங்கோ. நகத்தில் மெல்லிய சீவல் வந்தால் அது கூர். வராவிட்டால் தீட்டிவிட்டு வாங்கோ. கீழே ஒரு சின்னப் பிள்ளை நிற்கக்கூடும்.

- ஆண்டு 9 மாணவன்