கார் இழுக்கும் வீடு! புயல் அடித்தால் என்ன செய்வது?

நள்ளிரவு தாண்டி விட்டது. எல்லோரும் அயர்ந்து தூங்கும் நேரம். திடீர் என்று சுழல்காற்று பாய்ந்தது!

2018-ம் ஆண்டு ஜூலை மாதம் 10-ந் தேதி. அமெரிக்காவில் வடக்கு டகோட்டா மாநிலத்தில் வாட்போர்டு சிட்டி என்று ஓர் ஊர். அங்கே டிரெய்லர் வண்டிகள் நிற்கும் திடல் ஒன்றில் அந்தக் காற்று புகுந்தது. வண்டிகள் உருண்டன, நொறுங்கின. ஒரு பச்சைக் குழந்தை இறந்து போயிற்று. 20 பேருக்கு மேல் காயம் அடைந்தார்கள்.

இது முதல் தடவை அல்ல. 2014-ம் ஆண்டு மே மாதம் 26-ந் தேதி அதே ஊருக்குப் பக்கத்தில் இன்னொரு டிரெய்லர் முகாமைச் சுழல்காற்று தாக்கியது. அப்போது 9 பேருக்குக் காயம்.

இரண்டு தடவையும் அடிபட்டவர்கள் டிரெய்லரில் குடியிருந்தவர்கள்தான்!

அது என்ன டிரெய்லர்?

சினிமா படப்பிடிப்பில் நடிகர்களுக்காக நிற்கும் "கேரவன்" வண்டியைப் பார்த்து இருப்பீர்கள். டிரெய்லரும் அதற்குச் சொந்தக்கார வண்டிதான். ஆனால் இதற்குத் தனியாக என்ஜின் கிடையாது. காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போவார்கள்.

உள்ளே படுக்கை இருக்கும். அடுப்பு இருக்கும். குளிக்கும் அறையும் இருக்கும். அமெரிக்காவில் விடுமுறை வந்தால் குடும்பம் குடும்பமாக இதில் ஊர் சுற்றக் கிளம்புவார்கள். சிலருக்கு இதுவே வீடு. வாட்போர்டு சிட்டி பக்கம் எண்ணெய்க் கிணறுகள் ஏராளம். வேலை தேடி வந்தவர்களுக்கு வீடு கிடைக்கவில்லை. பலர் டிரெய்லரில் குடியேறினார்கள்.

வீடு போல இருக்கிறது. ஆனால் வீடு அல்ல. அதற்கு அஸ்திவாரம் இல்லை. இதை மறப்பதுதான் ஆபத்து!

காற்றின் கணக்கு

காற்றின் வேகம் இரண்டு மடங்கு ஆனால், அது தள்ளும் பலம் நான்கு மடங்கு ஆகும்.

20 அடி நீளமும் 8 அடி உயரமும் உள்ள ஒரு டிரெய்லரை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்று பக்கவாட்டில் அடித்தால், சுமார் 180 கிலோ பலத்தோடு தள்ளும். வண்டி லேசாக ஆடும்; அவ்வளவுதான். 100 கிலோமீட்டர் வேகம் என்றால் சுமார் 720 கிலோ. 200 கிலோமீட்டர் என்றால் ஏறக்குறைய 2,900 கிலோ! அத்தனை பெரிய டிரெய்லரின் எடையே 2 டன், 3 டன்தான்.

வண்டி சாய்வதற்கு அவ்வளவு பலம் கூடத் தேவை இல்லை. ஒரு பீரோவை அடியில் தள்ளினால் அசையாது. உச்சியில் தள்ளினால் சாய்ந்து விடும். டிரெய்லரும் அப்படித்தான். உயரம் அதிகம், சக்கரங்களின் இடைவெளி குறைவு. போதாததற்கு, அடியிலும் காற்று புகுந்து தூக்கும்.

போய்ச் சேர்ந்ததும் செய்ய வேண்டியது

தப்பிக்கும் வழியைப் புயல் வந்த பிறகு தேடக்கூடாது. வண்டியை நிறுத்தும்போதே தேட வேண்டும்.

திடலின் காவலரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்.

ஒன்று: "இது எந்தக் கவுண்டி?" கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி. அமெரிக்காவில் வானிலை எச்சரிக்கையில் கவுண்டியின் பெயரைத்தான் சொல்வார்கள். வழிப்போக்கருக்கு அந்தப் பெயர் தெரியாது. ரேடியோ தன்னைத்தான் எச்சரிக்கிறது என்பதும் தெரியாமல் போய்விடும்!

இரண்டு: "புயல் வந்தால் எங்கே ஒதுங்குவது?" சில திடல்களில் அதற்கென்றே கட்டடம் இருக்கும். வேறு சில இடங்களில் கல்லால் கட்டிய குளியலறைக் கட்டடம்தான் கதி. பகலிலேயே குழந்தைகளை ஒருமுறை அங்கே நடத்திக் கூட்டிப் போங்கள். இருட்டிலும் வழி தெரியும்.

பெரிய மரத்தடியில் வண்டியை நிறுத்தாதீர்கள். நிழல் நல்லதுதான். கிளை முறிந்தால் கூரை தாங்காது.

காற்று வலுக்கும்போது

முதலில் வெளியே விரித்த படுதாவைச் சுருட்டுங்கள். அது கப்பலின் பாய் மாதிரி. காற்றைப் பிடித்து வண்டியையே இழுக்கும். பக்கவாட்டில் நீட்டும் அறை இருந்தால் உள்ளே தள்ளி விடுங்கள். கூரை ஜன்னலை மூடுங்கள். காஸ் சிலிண்டரையும் மூடுங்கள்.

சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். நான்கு மூலை ஜாக்கிகளையும் இறக்குங்கள். காரைக் கொக்கியில் இருந்து கழற்ற வேண்டாம். காரின் எடையும் சேர்ந்து பிடிக்கும். முடிந்தால், வண்டியின் முன்புறம் காற்றைப் பார்த்து இருக்கட்டும். பக்கவாட்டில் அடி வாங்கக்கூடாது.

இதெல்லாம் பலத்த காற்றுக்கு மட்டும்தான். சுழல்காற்றுக்கு இது போதாது!

சுழல்காற்றா? இறங்குங்கள்!

அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 1,200 சுழல்காற்றுகள் அடிக்கின்றன. வானிலை இலாகா இரண்டு விதமாக அறிவிக்கும். "வரலாம்" என்பது ஓர் அறிவிப்பு. அப்போதே உறுதியான கட்டடத்துக்குப் பக்கத்தில் போய்விட வேண்டும். "வந்துவிட்டது" என்பது மற்றொன்று. அதற்குப் பிறகு ஒரு நிமிடம் கூட வண்டியில் தங்கக்கூடாது.

பணப்பை, துணிமணி எதையும் தேடாதீர்கள். செருப்பைப் போட்டுக் கொள்ளுங்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கட்டடத்துக்குள் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், தலையைக் கையால் மூடிக் குனிந்து உட்காருங்கள். கட்டடமே இல்லையா? டிரெய்லரையும் மரத்தையும் விட்டுத் தூரமாகப் போய், பள்ளத்தில் குப்புறப் படுத்துத் தலையை மூடிக் கொள்ளுங்கள். இது கடைசி வழி. மேம்பாலத்துக்கு அடியில் மட்டும் ஒதுங்க வேண்டாம். அங்கே காற்றின் வேகம் கூடும்!

படுக்கப் போகும்போது பாட்டரி ரேடியோவையோ கைபேசியையோ எச்சரிக்கை ஒலிக்கும்படி வைத்து, தலைமாட்டில் வையுங்கள். தூக்கத்தில் வருவதுதான் பெரிய ஆபத்து.

சாலையில் போகும்போது

பாரமான சாமானை வண்டியின் பின்கோடியில் அடுக்காதீர்கள். வால் கனத்தால் வண்டி ஆடும். காற்று அதிகமானால் வேகத்தைக் குறையுங்கள். டிரெய்லர் பாம்பு போல நெளிந்தால் காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகத்தை மெல்ல விடுங்கள். டிரெய்லருக்கு என்று தனிப் பிரேக் இருந்தால் அதை மட்டும் போடுங்கள்.

எல்லாவற்றையும் விட நல்ல வழி ஒன்று உண்டு. புயல் அறிவிப்பு இருந்தால், அன்றைக்குக் கிளம்பாமல் இருப்பதுதான்!

அமெரிக்காவில் உள்ள மகனையோ மகளையோ பார்க்கப் போகும் பெற்றோர் இன்று பலர். ஒருநாள் அவர்கள் உங்களையும் டிரெய்லரில் கூட்டிப் போகலாம். சந்தோஷமாகப் போங்கள். இறங்கியதும் அந்த இரண்டு கேள்வியை மட்டும் கேட்டு விடுங்கள்.

வண்டி போனால் வேறு வண்டி வாங்கலாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முதலில் இறங்குங்கள்!