தைராய்டுக் கட்டிக்குள் எதிர்ப்பு அணுக்கள் யார் பக்கம்?

பெங்களூரு ஓசூர் சாலையில் இருக்கும் கித்வாய் நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை, 1982 முதல் நகரின் புற்றுநோய்க் கணக்கைப் பதிவேட்டில் ஏற்றிவருகிறது. அதில் தைராய்டுப் புற்று ஆண்களைவிடப் பெண்களிடமே அதிகம். பெரும்பாலானவை பாப்பில்லரி வகை. அறுவை சிகிச்சையும் தேவைப்பட்டால் கதிரியக்க அயோடினும் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிடுகின்றன.

வெட்டியெடுத்த அந்தக் கட்டியை மைக்ராஸ்கோப்பில் வைத்தால், புற்றுச் செல்களுக்கு நடுவே லிம்போசைட்டுகள் என்ற எதிர்ப்பு அணுக்கள் கூட்டமாகத் தெரிவதுண்டு. இப்படி லிம்போசைட்டுகள் குவிந்து, உடல் தன் தைராய்டையே தாக்கும் அழற்சியை 1912-ல் விவரித்தவர் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ. இந்த அழற்சி இருப்பவர்களிடம் பாப்பில்லரி புற்று கூடுதலாகக் காணப்படுகிறது. ஆனால் அவர்களுக்குக் கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவுவதும், நோய் திரும்புவதும் குறைவு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. சுரப்பியைச் சிதைக்கும் அதே அணுக்கள் புற்றையும் தடுத்துப் பிடிக்கின்றன போலும்.

எல்லா எதிர்ப்பு அணுக்களும் அப்படி அல்ல.

அபூர்வமான அனாபிளாஸ்டிக் வகை மிகக் கொடியது. பலர் ஓராண்டைக்கூடத் தாண்டுவதில்லை. 2008-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், இந்த வகைக் கட்டிகள் இருபதில் பத்தொன்பதில் மேக்ரோஃபேஜ்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் மொய்த்திருந்தன. கிருமியை விழுங்க வேண்டிய இவற்றைப் புற்று தன் வேலைக்காரர்களாக மாற்றிக்கொள்கிறது. வளர்ச்சிக்கான புரதங்களைச் சுரந்து, புதிய ரத்தக்குழாய்களை வளர்த்து, தாக்க வரும் டி செல்களை இவை அடக்குகின்றன. டி செல்களின் பிடி-1 என்ற 'பிரேக்'கைப் புற்றுச் செல்லும் மிதிக்கிறது.

அந்த பிரேக்கை விடுவிக்கும் ஸ்பார்டலிசுமாப் மருந்தை 42 அனாபிளாஸ்டிக் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2020-ல் வெளியான முடிவில், 8 பேருக்குக் கட்டி சுருங்கியது அல்லது மறைந்தது. இவ்வளவு கொடிய நோயில் அது சிறிய எண்ணிக்கை அல்ல. இதே வகை மருந்துகள் வேறு புற்றுநோயாளிகளின் நலமான தைராய்டைத் தாக்குவதும் உண்டு. அவர்கள் பிறகு தைராக்ஸின் மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

டி செல்களைக் கொண்டே புற்றைத் தாக்கும் இன்னொரு வழியும் உண்டு. பெங்களூருவின் இம்யூனீல் நிறுவனம், நோயாளியின் டி செல்களையே மாற்றியமைத்துத் திரும்பச் செலுத்தும் கார்-டி சிகிச்சையை 2025 ஜனவரியில் அறிமுகப்படுத்தியது. அது லிம்போமாவுக்கானது. லிம்போமாவில் அந்தச் செல்கள் ரத்தத்திலும் நிணநீர் முடிச்சிலும் இலக்கைச் சந்திக்கின்றன. அனாபிளாஸ்டிக் கட்டியிலோ, அவை இறுகிய திசுவைத் துளைத்து, புற்றின் பக்கம் சாய்ந்த மேக்ரோஃபேஜ் கூட்டத்தையும் கடந்தாக வேண்டும்.